பதிமூணு இஞ்சுக்குச் சப்பை டயர்

கார் செங்கல் மேல் நின்றது. பிளம் மரத்தடியில் நான்கு மூலைக்கும் செங்கல் அடுக்கி அதை ஏற்றி வைத்தவன் போயான். புது டயர் வந்ததும் இறக்கிவிடலாம் என்று பழைய டயர்களைக் கழற்றி விற்றுவிட்டான். ரிம்களை மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். டயர் வரவில்லை. சொந்தக் கார் இப்படி நின்றதால் ஒரு சனிக்கிழமை நண்பன் ஸ்லாஜானின் காரில் ஏறிப் போனான். திரும்பி வரும்போது ஆலை வளைவில் அந்தக் கார் சாலையை விட்டிறங்கி அக்ரூட் மரத்தில் மோதியது. ஓட்டிவந்த ஸ்லாஜானுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போயான் அங்கேயே முடிந்துபோனான்.

காட்டுப்பன்றி குறுக்கே வந்தது என்று ஸ்லாஜான் சொன்னான். பன்றியை யாரும் பார்க்கவில்லை. நீதிமன்றம் அவனைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. செங்கல் மேல் நின்ற சிவப்பு யூகோ காரை யாரும் தொடவில்லை. பிளம் பூத்து அதன் மேல் கொட்டியது, பிறகு பழம் விழுந்து அழுகி, அதன் கூரை முழுக்கக் குளவி மொய்த்தது.

வருசச் சடங்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, அடுப்பில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டே போயானின் அம்மா சிபிங்கா தன் புருசன் திரைலோவிடம் சொன்னாள்.

"நேத்தும் கனவுல வந்தான்யா. ரோட்டோரமா நடந்து போறான். காலுல செருப்பில்ல."

திரைலோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே பேசுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வார். அவள் காத்திருந்து பழகியவள்.

"செருப்பு நாப்பதாம் நாளே குடுத்தாச்சே," என்றார் கடைசியில்.

"யாருக்குக் குடுத்தோம்? உன் தங்கச்சி மகனுக்கு. அவன் வியன்னாவுக்குப் போயி மாடிப்படி கழுவறான். அந்தச் சட்டையையும் செருப்பையும் அங்க எங்க போடப்போறான். பெட்டிக்குள்ள கெடக்கும். எம்புள்ள அம்மணமா நடக்கறான்."

வால்யா என்ற அவர்கள் ஊரில் செத்தவனுக்கு எதையும் நேராக அனுப்ப முடியாது. பொமானா என்ற நினைவுப் பந்தியில், செத்தவன் வயதுள்ள ஒருவன் கையில் அவன் பேரைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். வாங்கியவன் தின்றால் செத்தவன் பசியாறுவான், வாங்கியவன் உடுத்தினால் செத்தவன் குளிர் தாங்குவான். வாங்கியவன் பூட்டி வைத்தால் செத்தவன் வெறுங்கையோடு நிற்பான். இதில் ஊரில் பாதிரியாரைத் தவிர யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவரும் பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சந்தேகப்படுவார்.

"இந்தத் தடவை காரைக் குடுக்கணும்," என்றாள் சிபிங்கா. "அவன் ஆசைப்பட்ட மாதிரியே. அவன் சொன்ன டயரோட. ஊரைவிட்டுப் போகாத ஒருத்தன் கையில குடுக்கணும்."

"ஊரைவிட்டுப் போகாதவன் இந்த வயசுல எவன் இருக்கான்?"

களியைத் தட்டில் கவிழ்த்து, நூலால் துண்டுபோட்டாள். "ஸ்லாஜான் இருக்கானே," என்றாள்.

திரைலோ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

திரைலோவுக்கு வேலை செம்புச் சுரங்கத்தில், லாரிகளுக்கு டயர் மாற்றுவது. அங்கே ஒரு டயர் இரண்டு ஆள் உயரம். கிரேன் வைத்துத் தூக்கவேண்டும், உள்ளே ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம். காலமெல்லாம் அவற்றோடு மல்லுக்கட்டியவர், முழங்கால் உயரம்கூட இல்லாத நான்கு டயருக்காக இப்போது ஊர் ஊராக அலைந்தார்.

போயான் கேட்டது லோ புரொஃபைல் டயர். ரிம் பதிமூணு இஞ்ச், அகலம் அதிகம், டயரின் பக்கச்சுவர் மட்டும் இரண்டு விரல்கடை உயரம். ஒரு காலத்தில் எல்லாப் பையன்களும் தங்கள் சின்னக் கார்களுக்கு இதைத்தான் மாட்டினார்கள். பிறகு கார்கள் பெரிதாகின, சக்கரமும் பெரிதானது. பதிமூணு இஞ்சில் இப்போது வருவதெல்லாம் கிழவர்கள் சந்தைக்குப் போகிற காருக்கான உயர டயர். போயானோ ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். உயர டயரைத் திரைலோ ஒன்று மாட்டிப் பார்த்தார். மட்கார்டில் உரசிக்கொண்டு ஸ்டியரிங் திரும்பவே இல்லை.

ஸாயெச்சார் நகரத்து டயர்க் கடைக்காரன் லுபிங்கோ அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"திரைலோ அண்ணே, பதிமூணு வேணும்னா உசரமா இருக்கு. சப்பை வேணும்னா பதினஞ்சு, பதினாறுல இருக்கு. குள்ளனுக்கு அரைக்கால் சட்டை தைக்கற தையக்காரனெல்லாம் செத்துப்போயிட்டான்."

"எங்கயாவது பழசு கெடக்குமா?"

"பேசாம ரிம்மை மாத்துங்க. பதினஞ்சு இஞ்ச் ரிம்மு, டயரோட நானே மாட்டித் தர்றேன். கார் பாக்க லட்சணமாவும் இருக்கும்."

"ரிம்மு அவனோடது."

"எவனோடது?"

திரைலோ கிளம்பத் திரும்பினார். கடைக்காரனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்தபடி உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடினார். பழைய இரும்புக் கடைகளில், நாய் கட்டியிருந்த காயலான் கிடங்குகளில் தேடினார். ஒரு கிடங்குக்காரன் வேண்டுமென்றே அவரைக் கடைசி மூலை வரை சேற்றில் நடக்கவிட்டு, அங்கே டிராக்டர் டயரைக் காட்டி, இதை வேண்டுமானால் செதுக்கிக்கொள் என்றான். நெகோட்டின் என்ற ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் சரியான அளவில் ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஓரத்தைப் பூவிதழ் மாதிரி வெட்டி, உள்ளே செடி வைத்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி வெளியே வந்து, செடி பிடித்திருந்தால் பதியன் தருகிறேன் என்றாள்.

கடைசியில் பக்கத்து ஊரில், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் பரணிலிருந்து நான்கு டயரை இறக்கிப் போட்டார். மகன் கல்யாணமான காலத்தில் வாங்கியதாம், ஓடவே இல்லையாம். திரைலோ கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். மாட்டுக்கொம்பை அழுத்துவது போல இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே இருபது கோடை வெந்திருந்தன. பள்ளங்களுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஆனால் அந்த மனிதர் சடங்குக்கு என்று கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டு சும்மா கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டுவந்து கொட்டகையில் போட்டார்.

*

சிபிங்கா பன்றிக்குத் தவிடு கரைத்த கையோடு கொட்டகைக்குள் வந்தாள். ஒரு டயர் முன்னால் குந்தினாள். வெடிப்பு ஒன்றில் விரலை வைத்து, தையல் பிரிந்த இடத்தைப் பார்ப்பது போல மெல்ல விரித்துப் பார்த்தாள்.

"இது ஓடுமா?"

"இங்கயிருந்து தேவாலயம் வரைக்கும் ஓடும். மெதுவாப் போனா."

"வேகமாப் போனா?"

"சூடாச்சுன்னா வெடிக்கும். ரப்பர் செத்துப்போச்சு."

"வளைவுல?"

திரைலோ ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "வளைவுல பிடிக்காது," என்றார். "ஈரமா இருந்தா சுத்தமாப் பிடிக்காது."

அவள் எழுந்தாள். ஒட்டியிருந்த தவிட்டை ஏப்ரனில் துடைத்தாள்.

"அப்ப இதையே மாட்டு. மெழுகு போட்டுத் தொடைச்சா புதுசு மாதிரி இருக்கும். ஸ்லாஜானுக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. போயானுக்குத்தான் தெரியும்."

கொட்டகைக்கு வெளியே கோழிகள் குப்பையைக் கிளறும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்தவளின் முகத்தைத் திரைலோ பார்த்தார். அதில் கோபம் இல்லை. ஊறுகாய்க்கு எத்தனை கிலோ மிளகாய் வாங்குவது என்று யோசிக்கிறவளின் முகம்தான் இருந்தது.

"சிபிங்கா," என்றார்.

"என்ன சிபிங்கா. நாலு பேரு உக்கார்ற காரு. அங்க அவன் ஒத்தையில இருக்கான். சேர்ந்துதான போனாங்க, ஒருத்தன் மட்டும் ஏன் திரும்பி வரணும்? கூட்டாளி கூட இருக்கட்டும்."

இதைப் போலீசிடம் சொல்ல முடியாது, பாதிரியாரிடமும் முடியாது. அதட்டினால் இவள் கேட்கமாட்டாள், அழுதாலும் கேட்கமாட்டாள். அழுகையை அவள் அக்ரூட் மரத்தடியிலேயே முடித்துவிட்டாள். அவள் கேட்கக்கூடிய ஒரே ஒரு பேச்சுத்தான் உண்டு என்பது மெல்ல மெல்லத்தான் அவருக்குப் பிடிபட்டது.

"ஸ்லாஜான் ஓட்டறதைத்தான் போயான் ஓட்டுவான்," என்றார். "இங்க குடுத்த டயர்தான் அங்கயும். இந்தச் செத்த ரப்பரை எம்மகனுக்கு மாட்டச் சொல்றியா? மழையில, வளைவுல, அவனையும் இதுலதான் ஓட்டச் சொல்றியா?"

சிபிங்காவின் வாய் சற்றே திறந்தது. அவள் இதை யோசித்திருக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதன்பின் பல நாள் பேச்சில்லை. களி மேசைக்கு வரும், அவள் வரமாட்டாள். திரைலோ தனியாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார், வந்து கண்டக்டர் கொடுத்த டயர்களைக் கோடாலியால் துண்டு துண்டாக வெட்டுவார். ஒரு காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நல்லதாப் பாருய்யா. இருக்கறதுலயே நல்லது. வெடிக்காதது, சீக்கிரம் தேயாதது."

திரைலோ அன்று சுரங்கத்துக்குப் போகும் வழியில் தேவாலயத்தில் இறங்கி, உயிரோடிருப்பவர்களுக்கான மணல் தட்டில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தார். யார் பேரைச் சொல்லி வைத்தார் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

*

நல்ல டயர் வ்லாஸ்தா என்பவனிடம் இருந்தது. மலைப்பாதைப் பந்தயங்களில் சின்னக் கார் ஓட்டுகிறவன். தன் காருக்கென்று ஒரு செட்டைத் துணியில் சுற்றி, ஒயின் பீப்பாய்கள் இருக்கும் நிலவறையில் குளிர்ச்சியாக வைத்திருந்தான். விற்கமாட்டேன் என்றான். இனி இது கிடைக்காது, எனக்கே வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டான். திரைலோ சொன்னார். இன்னும் விவரமாகக் கேட்டான். மகன் பேர், எந்த வளைவு, யார் ஓட்டியது, தலையிலா நெஞ்சிலா அடி. எல்லாவற்றையும் சொல்ல வைத்தான்.

வ்லாஸ்தா ஒரு கிளாசில் ராக்கியாச் சாராயம் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினான். "எங்கப்பா பேரு இஸிடோர்," என்றான். "வாழ்நாளெல்லாம் கழுதை வண்டியிலதான் போனாரு. என் கார்ல ஒருநாள் ஏத்தறேன்னு சொல்லிட்டே இருந்தேன். உங்க பந்தியில அந்தச் சாவியைக் குடுக்கறப்ப அவரு பேரையும் சேத்துச் சொல்லுங்க. டயரைத் தூக்கிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிபிங்கா மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவன் தன் மகன் காரில் ஏறுவதைப் பற்றி யோசித்தாள்.

"ஏறட்டும். பின்னாடி உக்காரட்டும்," என்றாள். "கால்ல சாணி இருந்தா தொடைச்சுட்டு ஏறச் சொல்லு."

கிட்டத்தட்ட ஒரு வருசம் கழித்து முதல்முறையாக அந்த வீட்டில் திரைலோவுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தார்.

டயர்களை ரிம்மில் ஏற்றும் வேலையை அவரே செய்தார். சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியால் நெம்பி, காற்று அடித்தபோது டயரின் உதடு ரிம்மில் போய் உட்கார்ந்து டொப்பென்று சத்தம் கேட்டது. செங்கல்லை உருவி காரை இறக்கினார். கறுப்பாக, மிருதுவாக, தரையோடு ஒட்டி நின்றது. மகன் மனதில் வரைந்து வைத்திருந்த கார் இதுதான். கொஞ்ச நேரம் பிளம் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

*

பொமானாவுக்கு அழைக்க ராக்கியாக் குடுவையோடு ஸ்லாஜானின் வீட்டுக்குத் திரைலோவே போனார். வாசலில் சிமெண்டுச் சிங்கங்கள் வைத்த மூன்று மாடி வீடு. வியன்னாவில் அலுவலகம் கூட்டிச் சம்பாதித்து அப்பனும் அம்மாவும் கட்டியது. அதில் ஸ்லாஜான் சமையலறையில் மட்டும் வாழ்ந்தான். கட்டிலையும் அங்கேயே போட்டிருந்தான். எழுந்திருக்கக் கோலைத் தேடினான்.

குடுவையில் ஒரு வாய் குடித்துத் திருப்பிக் கொடுத்தான். குடித்தால் சம்மதம் என்று பொருள். பிறகுதான் பேசினான்.

"உடுப்புன்னா வாங்கிக்கறேன் மாமா. சாப்பாடும் சாப்பிடறேன். காரு வேணாம்."

"வேணாம்னு சொல்லக் கூடாதுப்பா."

"தெரியும். சொல்லல. பந்தியில சொல்லமாட்டேன், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அதுக்கப்புறம் நான் முன்சீட்டுல உக்காந்ததே இல்ல. பஸ்ஸுலகூட பின்னாடிதான் போறேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அத்தை எப்படி மாமா என்னைக் கூப்பிட்டாங்க?"

"உன்னைத்தான் கேட்டா. வேற பேரே சொல்லல."

ஸ்லாஜானின் கண் நிரம்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரைலோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, சடங்கன்று வாங்கிக்கொள், வாசல் வரை உருட்டு, அப்புறம் உன் கொட்டகையில் போட்டுப் பூட்டு, நாள் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். சொல்லும்போதே, பூட்டி வைத்தால் மகன் நடக்கவேண்டும் என்பது நெஞ்சில் இடறியது. இருந்தும் சொன்னார்.

*

சடங்கன்று காலையிலிருந்தே தூறல். முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நீள மேசை போட்டிருந்தார்கள். மீன், அவரை, வதக்கிய மிளகாய், பன்றிக்கால் கூழ், ஒவ்வொரு வட்ட ரொட்டியிலும் ஒரு மெழுகுவர்த்தி. போயானின் இடத்தில் ஸ்லாஜான் உட்கார்ந்தான். சிபிங்கா தன் கையால் அவன் முகம் கழுவி, தலை சீவி, புதுச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டாள். பெண்கள் பார்த்துக்கொண்டே அழுதார்கள். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றாள் ஒருத்தி.

சிவப்பு நூல் கட்டிய சாவியை மெழுகுவர்த்தியோடு சேர்த்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தக் காரு இங்க உனக்கு, அங்க யாருக்கு?"

"போயானுக்கு," என்றான் ஸ்லாஜான்.

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சொன்னான். இஸிடோர் பேரையும் ஒருமுறை சொல்லவைத்தாள். "ஆண்டவன் ஏத்துக்கட்டும்," என்றான் ஸ்லாஜான். எல்லோரும் தரையில் ஒரு சொட்டு ஒயின் ஊற்றிவிட்டு உட்கார்ந்து கரண்டியை எடுத்தார்கள்.

"இப்ப ஓட்டு," என்றாள் சிபிங்கா.

கரண்டிகள் நின்றன. இப்போதேவா என்று யாரோ கேட்டார்கள். ஒரு வருசமாக நடக்கிறான், இன்னும் காக்க வைக்கவா என்றாள். யாருக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் போய் முன்சீட்டில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திரைலோ பின்னால் ஏறினார்.

ஸ்லாஜானின் பின்கழுத்து அவர் முகத்துக்கு நேரே இருந்தது. புதுச் சட்டையின் காலர் நொடியில் வியர்வையில் நனைந்து கறுத்தது. முதல் கியரிலேயே தேவாலயத்தைத் தாண்டினார்கள். அவள் ஆலைப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் திருப்பினான். ஈரச் சாலையில் டயர் மாவில் பதிந்த விரல் மாதிரி பிடித்துக்கொண்டு போனது. வளைவில் அக்ரூட் மரம் இலை உதிர்த்து நின்றது. பட்டை உரிந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

"இங்க நிறுத்து."

நிறுத்தினான். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பன்னி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"இடது பக்கம் அத்தை."

"அவன் என்ன சொன்னான்?"

"யாரு?"

"உம்பக்கத்துல உக்காந்திருந்தவன்."

ஸ்லாஜான் ஸ்டியரிங்கை விடவில்லை. "ரேடியோவைச் சத்தமா வைன்னான்," என்றான்.

சிபிங்கா தலையசைத்தாள். கை நீட்டி ரேடியோவைத் தேடினாள், எந்தப் பொத்தான் என்று தெரியாமல் தடவினாள். "இதைப் போடு," என்றாள். அவன் போட்டான். ஏதோ விளம்பரம் ஓடியது, பிறகு கல்யாண வீட்டு அக்கார்டியன். அது முடியும் வரை கேட்டாள்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துரு," என்றாள். "இங்க வரைக்கும் வந்து திரும்பினாப் போதும்."

"அத்தை, என்னால முடியாது."

"நீ ஓட்டலைன்னா அவன் நடக்கணும். உங்க மாமாதான் சொன்னாரு. நீ ஓட்டறதைத்தான் அவன் ஓட்டுவானாம். கேட்டுப் பாரு, பின்னாடிதான் இருக்காரு."

கண்ணாடியில் ஸ்லாஜானின் கண்கள் திரைலோவைத் தேடின. திரைலோ சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

*

முதல் சனிக்கிழமை அவன் வரவில்லை. காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டான். சிபிங்கா குடை பிடித்துக்கொண்டு அந்த மூன்று மாடி வீட்டுக்குப் போனாள். போய்க் கத்தவில்லை. சிமெண்டுச் சிங்கத்தின் பக்கத்தில் இருட்டும் வரை சும்மா நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மறுநாள் கார் பிளம் மரத்தடிக்கே திரும்பி வந்தது. உன் கொட்டகை ஒழுகுகிறது, இங்கேயே நிற்கட்டும், நீ வந்து ஓட்டு என்றாளாம். சாவி சிபிங்காவின் சமையலறை ஆணியில் தொங்கியது.

அதற்குப் பிறகு பனி பெய்த வாரங்கள் தவிர எல்லாச் சனிக்கிழமையும் அவன் கோலை ஊன்றிக்கொண்டு வந்தான். வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறுவான். அவள் பக்கத்தில் உட்காருவாள். ரேடியோ ஓடும். வளைவில் நின்று திரும்பி வருவார்கள். பிறகு அவனுக்குச் சுடச்சுட அவரைக் கஞ்சி ஊற்றி, முழுவதும் சாப்பிடும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று ஊர் சொன்னது. ஸ்லாஜான் மெலிந்தான். அந்தச் சட்டை அவன் தோளில் தொங்கியது. அவள் தையலைப் பிரித்து இறுக்கிக் கொடுத்தாள்.

கனவு வருகிறதா என்று திரைலோ ஒருநாள் கேட்டார். வருவதில்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்றாள்.

குளிர்காலக் கடைசியில் அப்பன் வியன்னாவிலிருந்து பஸ் டிக்கெட் அனுப்பியிருப்பதாகச் சொல்ல ஸ்லாஜான் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று சொன்னான். சிபிங்கா அவனுக்கு நாற்காலி போட்டாள்.

"தாராளமாப் போய்யா. சின்ன வயசு, போயிப் பொழைக்கற வழியைப் பாரு. கல்லறை வழியாத்தான பஸ் போகும். இறங்கி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. இனிமே நடந்துக்கோடான்னு சொல்லு. நான் சொன்னா அழுவான். நீ சொன்னாக் கேப்பான்."

பஸ் போயிற்று. ஸ்லாஜான் போகவில்லை.

திரைலோவுக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பன்றிக்குத் தீனி வைக்கப் போயிருந்தபோது, நான்கு டயரிலிருந்தும் காற்று வால்வைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கார் வயிறு தரையில் பட உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஸ்லாஜான் வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைத் திரைலோ பார்த்தார். சிபிங்காவும் பார்த்தாள். கொட்டகைக்குப் போய்க் கைப்பம்பை எடுத்துவந்து புருசன் காலடியில் வைத்தாள்.

"டயர்க்காரன் வீட்டுல காத்தில்லையாக்கும்," என்றாள். "பையில இருக்கறதை எடுத்து மாட்டி அடிய்யா. பையன் நிக்கறான் பாரு, கால் வலிக்கும்."

திரைலோ ஸ்லாஜானைப் பார்த்தார். மாட்டேன் என்ற ஒரு சொல் போதும். அது தொண்டை வரை வந்தது. வந்த இடத்தில் போயான் நின்றான், ரோட்டோரம், வெறுங்காலோடு. அவர் குந்தி உட்கார்ந்து வால்வுகளை மாட்டி, எழுந்து பம்பை அடித்தார். நான்கு சக்கரத்துக்கும் வெகுநேரம் பிடித்தது. கோலில் சாய்ந்தபடி ஸ்லாஜான் அடிப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் அவரை மாமா என்று அவன் கூப்பிடவில்லை.

பிளம் மறுபடி பூத்தது. ஒரு சனிக்கிழமைக் காலை, திரைலோ கார் பக்கத்தில் குந்தி டயர்ப் பள்ளத்துக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தபோது சிபிங்கா வந்து நின்றாள்.

"தேஞ்சிருக்கா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"எவ்வளவு நாளைக்கு வரும்?"

"இப்படி ஓடினா தேயாது. ரப்பர் காஞ்சாத்தான் மாத்தணும். ஆறு வருசம், ஏழு வருசம்."

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி பூவைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது. வேலிப் படல் திறக்கும் சத்தமும், ஈரமண்ணில் கோல் ஊன்றும் சத்தமும் கேட்டன.

"அது லேசுல கெடைக்காதுன்னியே," என்றாள். "அடுத்த செட்டை இப்பவே தேடி வை. குளிர்ச்சியான எடத்துல வைக்கணும்." சாவியை எடுக்க உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சுரங்கத்துச் சாப்பாட்டு அறையில், புதிதாக வந்திருந்த லாரிக்காரன் ஒருவன் எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றான். வாரத்துக்கு ஒருமுறை பல்கேரியாவுக்குப் போய்வருகிறவனாம். திரைலோ வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, அந்தப் பக்கம் பதிமூணு இஞ்சுக்குச் சப்பை டயர் எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார்.